அடியாரிணக்கம்

சைவ நன்மக்கள் நாடோறும் செய்தற்குரிய கடமைகள் பலவற்றுள், யாவர்க்கும் எளிதாய்த் தோன்றுவதும், கற்றார் சிலர்க்கு மட்டும் அரிதாய் முடிவதும் ஒன்று உளது. அஃது அடியார் கூட்டத்தொடு கலந்து நிற்றல். சாத்திரம் கற்றல் அரிது. பூசையை வழுவாது ஆற்றுதல் அரிது. பலரோடு ஒரு பாயில் அமர்ந்து ஒரு குரலாய்ப் பாடுதலில் என்ன அருமை உளது என்பர். அவ்வெளிய செயல்தான் அடியேனுக்கு ஓராண்டுக்கு மேல் இயலாதாயிற்று. அதனால் எய்திய குறையையும், அக்குறை தீர்ந்த வரலாற்றையும் இத்திங்களிதழின் அன்பர்கட்கு எழுதத் துணிந்தேன். எழுத நாணமும் உண்டு. ஆயினும் ஒருவர்க்கேனும் பயன்படுமாயின் என் நாணம் ஒரு பொருளன்று.

முதற்கண் நூற்கருத்தினைச் சிறிது நோக்குவோம். மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களை உடையது. முதற் சூத்திரம் உலகிற்கு முதல்வன் ஒருவன் உளன் என நிறுவுவது. இறுதிச் சூத்திரமோ மலம் நீங்கிய ஞானியரது ஒழுக்கம் கூறுவது. இறைவன் திருவடியைச் சேரவொட்டாத மலத்தைக் கழுவி, அன்பரொடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு தொழுக என்பது அதன் கருத்து. ஈண்டு ஓர் ஐயம் எழும். அன்பரொடு கூடுதல் தொடக்கநிலையில் நிற்பார்க்கு வேண்டுவதாகலாம். உயர்நிலை எய்திய ஞானியர்க்கு அது வேண்டுவது என்னை? பெருங்காயம் வைத்த கலத்தைக் கழுவிய பின்னும் அதன் வாசனை தங்குமாறு போல, மலம் நீங்கிய பின்னும் அதன் வாசனை தாக்கும். அதனைத் தாக்கவொட்டாது காப்பது அடியாரிணக்கம் என்பது பெரியோர் விடை. மலத்தைக் கழுவினார்க்கே இத்துணைக் காவல் வேண்டுமெனின், அதனுள்ளே அழுந்திக் கிடக்கும் நம்மனோர்க்கு எத்துணை வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அடியேன் 1977ஆம் ஆண்டில் காவிரிக் கரையிலுள்ள திருமடம் ஒன்றில் மாணவனாய் அமர்ந்து தமிழும் சாத்திரமும் பயின்றுவந்தேன். வைகறையில் எழுந்து ஆற்றில் நீராடி, நந்தவனத்தில் மலர் கொய்து கொடுத்து, பூசை கண்டு, அடியார் வரிசையில் ஒருவனாய்ப் பந்தியில் உண்டு, பின்னரே பாடத்துக்கு அமர்வோம். சித்தாந்தம் கற்பித்த தம்பிரான் சுவாமிகள் முதுமையுற்றவர், மெல்லிய குரலினர். இப்பன்னிரண்டாம் சூத்திரம் பாடம் நடந்த நாளில் அவர் நூலை மூடி வைத்துவிட்டு என்னை நோக்கி, "தம்பி, உங்கள் வீட்டில் நெல்லுக் குற்றுவது உண்டா?" என்று வினவினார்.

"உண்டு சாமி. அம்மா குற்றுவார்கள்."

"ஒரே ஒரு நெல்லை உரலில் இட்டுக் குற்றினால் என்ன ஆகும்?"

"நொறுங்கிப் போகும் சாமி. இல்லையேல் தெறித்துப் போகும்."

"உரல் கொள்ளும் அளவு இட்டுக் குற்றினால்?"

"உமி கழன்று அரிசியாகும்."

"அப்படியானால் உமியைக் கழற்றியது உலக்கையா, நெல்லா?"

விடை அறியாது விழித்தேன். அவர் நகைத்து, "உலக்கையின் பூண் எல்லா நெல்லையுமா தீண்டுகிறது? உலக்கை விழுந்து அசைக்கிறது. நெல்லோடு நெல் உராய்ந்து உமி போகிறது. நெல்லுக்கு உமிபோல உயிருக்கு ஆணவம் என்று படித்தாய் அல்லவா? உலக்கை திருவருள். உரல் அடியார் கூட்டம். உரலுக்கு வெளியே கிடக்கிற நெல்லை உலக்கை என்ன செய்யும்?" என்றார்.

அன்று யான் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தேர்விலும் அதனையே எழுதிப் பாராட்டுப் பெற்றேன். பின்னர் முப்பதாண்டுக்கு மேல் தமிழாசிரியனாய் இருந்து மாணவர் பலர்க்கும் அவ்வுவமையைக் கூறினேன். எழுதினேன், கூறினேன், உணர்ந்திலேன்.

2016ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்று, கொள்ளிடத்தின் தென்கரையிலுள்ள எம்மூருக்கு மீண்டு வந்தேன். எம்மூர்ச் சிவன்கோயிலில் திங்கட்கிழமை தோறும் மாலையில் திருமுறை வழிபாடு உண்டு. ஏறத்தாழ இருபதின்மர் கூடுவர். அவருள் கோயில் வாயிலில் தேங்காய்ப் பழக்கடை வைத்திருப்பவர் ஒருவர், பூக்கட்டி விற்கும் மூதாட்டி ஒருவர், உழவர் மூவர், அஞ்சல் நிலையத்தில் வேலை செய்து ஓய்ந்தவர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் சிலர். என் மனைவியார் வந்த முதற்கிழமையே அக்கூட்டத்தில் கலந்துகொண்டார். யானும் சென்றேன். புலவர் என்று எனக்கு முன்வரிசையில் பலகையிட்டனர். அப்பலகையை யான் மறுத்திலேன்.

கூட்டத்தில் பாட்டினைத் தொடங்கிக் கொடுப்பவர் தேங்காய்க்கடைக்காரர். அவர்க்கு ழகரம் வாராது, ளகரமாகவே ஒலிப்பர். சீர் பிரிக்கும் இடமும் சில போழ்து பிழைபடும். 2017ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், அன்னாபிடேகத்தன்று கோயிலில் கூட்டம் மிக்கிருந்த வேளையில், அவர் பாடிக்கொண்டிருந்த பதிகத்தின் நடுவே யான் கையை உயர்த்தி, "நிறுத்துமையா! திருமுறையை இப்படிக் கொலை செய்யலாமா?" என்றேன். அவர் பாட்டை நிறுத்தினார். "பிழைதான் ஐயா, பொறுத்துக்கொள்ளவேண்டும்" என்று தாழ்ந்த குரலிற் கூறினார். எஞ்சிய பாடல்களை யானே பாடி முடித்தேன், பிழையின்றிப் பாடினேன். உடன் பாடுவார் குரல் ஒவ்வொன்றாய்க் குறைந்து, இறுதிப் பாடலில் என் குரல் ஒன்றே கேட்டது. அதனை அன்று என் பாட்டின் சிறப்பென்றே எண்ணினேன்.

வீடு திரும்பும் வழியில் மனைவியார், "நீங்கள் சொன்னது சரிதான்; சொன்ன இடந்தான் சரியில்லை" என்றார். எனக்குச் சினம் மூண்டது. பிழைபட ஓதும் கூட்டத்திற் கலத்தலினும் தனித்திருந்து செவ்வனே ஓதுதல் நன்றென்று கூறி, அதன் பின் யான் அக்கூட்டத்துக்குச் செல்வதை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை.

வீட்டில் என் வழிபாடு ஒரு குறையும் இன்றியே நடந்தது. நீராடித் திருநீறு அணிந்து, தீக்கை பெற்றவாறே ஆன்மார்த்த பூசை முடித்து, திருமுறைகளை முறையாய் ஓதிவந்தேன். எழுத்துப் பிழையில்லை, சந்தப் பிழையில்லை. ஆயினும் சில திங்கள் சென்றபின் உள்ளத்தே ஒரு வறட்சி தோன்றலாயிற்று. பாடுங்கால் கண் நூலிலும் கருத்து என் குரலிலும் நின்றன. ஒரு பாட்டின் நடுவே, இதற்கு இன்னவாறு புத்துரை எழுதலாமே என்று மனம் ஓடும். வானொலியில் எவரேனும் பதிகம் பாடினால் பொருளைக் கேளாது பிழையையே தேடும். திங்கட்கிழமை மாலையில் கோயிலிலிருந்து வரும் கூட்டொலி இன்னாததாய்ப் பட்டுச் சன்னலைச் சாத்துவேன். மனைவியார் திரும்பிவந்து, திருநீறும் தொன்னையில் சிறிது பொங்கலும் என்முன் வைப்பார், ஒன்றும் கூறார்.

இவ்வறட்சியின் காரணத்தை நூல்வழியே இன்று ஆராயின் விளங்குகின்றது. உயிர் தனித்து நிற்கும் இயல்பினதன்று. எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையதாய் நிற்பது. பளிங்கு அருகிருக்கும் மலரின் நிறத்தைக் காட்டுதல்போல என்பர். அறிவைச் சாரின் அறிவாம். அறியாமையைச் சாரின் அறியாமையாம். யான் அக்காலத்தே சார்ந்திருந்தது யாது? பூசை இறைவனுக்கே செய்தேன் என்பது உண்மை. ஆயின் என் சார்பு என் புலமை. யான் என்னையே சார்ந்திருந்தேன். ஆதலின் யானே ஆயினேன். ஆணவம் செல்வத்தை உண்டு பருக்கும், அதிகாரத்தை உண்டு பருக்கும் என்பதை யாவரும் அறிவர். அது திருமுறை ஓதுதலையும் உண்டு பருக்கும் என்பதை யான் என்னளவில் கண்டேன்.

2019ஆம் ஆண்டு தைத் திங்களில் என் மனைவியார் மூன்று நாள் காய்ச்சலில் சிவனடி சேர்ந்தனர். மக்கள் வெளியூரிலிருந்து வந்து சேர இரவாகும் நிலை. யான் திண்ணையில் செயலற்று அமர்ந்திருந்தேன். பிற்பகலில் அத்திங்கட்கிழமைக் கூட்டத்தார் ஒருவர் பின் ஒருவராய் வந்தனர். எவரும் என்னை ஆறுதற்சொல்லால் வருத்தவில்லை. பூக்காரம்மையார் அன்றைக்கு விற்க வைத்திருந்த பூவையெல்லாம் கொணர்ந்து சாத்தினார். எல்லாரும் முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்து சிவபுராணம் தொடங்கினர். தொடங்கிக் கொடுத்தவர் அத்தேங்காய்க்கடைக்காரர்.

யான் முப்பதாண்டு பாடஞ்சொன்ன நூல் அது. வாய் திறக்க முயன்றேன், ஓரெழுத்தும் வெளிவந்திலது. அவர் பாடினார். ழகரம் வருமிடத்தெல்லாம் ளகரமே ஒலித்தது. அப்பிழை என் செவியிற் பட்டது. திருத்தவேண்டும் என்னும் எண்ணம் எழவில்லை. எனக்காகப் பாட ஒருவர் உளர் என்பதே தோன்றிற்று. என் நாவால் செய்யமுடியாததை இருபது நா செய்துகொண்டிருந்தன. அன்றுமுதல் பதினாறாம் நாள் வரை மாலைதோறும் அவர்கள் வந்து பாடிச் சென்றனர். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ என் குரல் அவர் குரல்களுக்கிடையே மெல்லக் கலந்தது. அஃது எப்பொழுது கலந்தது என்பதை யானே அறிந்திலேன்.

பூக்காரம்மையார் கூறக் கேட்டே மற்றொரு செய்தியை அறிந்தேன். அன்னாபிடேகத்தன்று நாணமுற்ற அக்கடைக்காரர், இனிக் கூட்டத்துக்கு வருவதில்லை என்று துணிந்துவிட்டாராம். அடுத்த திங்கட்கிழமை என் மனைவியார் அவர் கடைக்குச் சென்று, "அண்ணா, அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் வாராவிட்டால் பாட்டு எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை" என்று கூறி அழைத்துவந்தாராம். இதனை ஒருநாளும் என்னிடம் கூறியதில்லை. என் பிழையை எனக்குப் பின்னே நின்று திருத்தினார். பலர் முன்னிலையில் திருத்தவில்லை.

திருவாதவூரடிகள் திருவாசகத்தில் பல இடங்களிலும் ஆற்றாது அழுவது எதற்காக? இறைவன் தம்மை ஆட்கொண்ட பின், உடனிருந்த அடியாரெல்லாம் அவன் திருவடி கூடத் தாம் ஒருவர் மட்டும் உலகில் நின்றுவிட்டமைக்காக. அடியார் நடுவே தம்மையும் வைக்கவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். திருவாசகம் 51 பகுதிகளுக்கும் பதவுரை கூறவல்ல யான், அவ்வழுகையின் பொருளை அம்முற்றத்திலேதான் கற்றேன்.

அடுத்த திங்கட்கிழமை கோயிலுக்குச் சென்று, பலகையை நீக்கச் சொல்லி, கடைவரிசையில் அமர்ந்தேன். வழிபாடு முடிந்தபின் அக்கடைக்காரரிடம், "அன்று யான் சொன்னது பெரும் பிழை, பொறுக்கவேண்டும்" என்றேன். அவர் பதறி, "என்ன ஐயா, பெரியவர்கள் அப்படிச் சொல்லக்கூடாது. எனக்கு அந்த எழுத்து வரவில்லையே என்று எனக்கும் வருத்தந்தான். சொல்லிக்கொடுங்கள்" என்றார். அன்றுமுதல் வழிபாட்டுக்கு ஒருநாழிகை முன்னரே இருவரும் கோயில் மண்டபத்தில் அமர்வோம். யான் சொற்பிரிப்பும் பொருளும் சொல்வேன். அவர் எனக்குப் பண் சொல்வார். ஆம், பண் சொல்வார். இளமையில் எம்மூர்க் கோயிலிற் பாடிய முதிய ஓதுவார் ஒருவர் பின்னே நின்று கேட்டுக் கேட்டுப் பதிகங்களைப் பண்ணோடு நெஞ்சிற் பதித்தவர் அவர். இன்ன பதிகம் கொல்லி, இன்னது காந்தாரபஞ்சமம் எனப் பெயர் சொல்ல யான் அறிவேன். கொல்லி இக்காலத்து நவரோசு இராகத்திலும், காந்தாரபஞ்சமம் கேதாரகௌளையிலும் பாடப்பெறும் என்று எழுதவும் அறிவேன். பாடிக் காட்டுக என்றால் அறியேன். அவர் பெயர் அறியார், பாட அறிவார். என் உமி அவரிடத்தும், அவர் உமி என்னிடத்தும் உராய்ந்து கழல்க என்றே திருவருள் எங்களை ஓர் உரலில் இட்டது போலும்.

இறைவனுக்குத் தோழராய் விளங்கிய நம்பியாரூரர்க்கும் இப்பாடம் தேவையாயிருந்தது என்பதை நினைமின். திருவாரூரில் தேவாசிரிய மண்டபத்தே அடியார்கள் குழுமியிருந்தனர். நம்பியாரூரர் இவர்க்கு அடியனாகும் நாள் எந்நாளோ என உள்ளத்தே எண்ணியவாறு, புறத்தே வணங்காது திருக்கோயிலினுட் புகுந்தார். அது கண்ட விறன்மிண்ட நாயனார், அவர் திருக்கூட்டத்துக்குப் புறம்பு என்றதோடு அமையாது, அவரை ஆண்ட பெருமானும் புறம்பென்று கூறினார். அதன் பயன் யாது? பெருமானே முதலடி எடுத்துக்கொடுக்கத் திருத்தொண்டத்தொகை பிறந்தது. அதன்கண் தனியடியாரோடு தொகையடியாராகிய ஒன்பது திருக்கூட்டத்தாரும் போற்றப்படுகின்றனர். தனித்தனிப் பெயர் குறிக்கப்படாத பெருங்கூட்டம் அது. பத்தராய்ப் பணிவார் என்னும் அக்கூட்டத்தே எம்மூர்ப் பூக்காரம்மையும் தேங்காய்க்கடைக்காரரும் இடம் பெறுவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் இடம் யாது என்பதே ஐயம்.

இனி, ஒரு சாரார் வினவலாம்: பூசலார் நாயனார் திருநின்றவூரில் எக்கூட்டமும் இன்றித் தனித்திருந்து மனத்தினாலேயே கோயில் எடுத்தாரல்லரோ என. உண்மையே. ஆயின் ஒன்று நோக்குக. பூசலார் கூட்டத்தை வெறுத்துத் தனித்தவரல்லர். கோயில் எடுக்கப் பொருள் கிட்டாமையால் மனத்தே எடுத்தவர். அன்றியும், அவரைத் தனியே விட இறைவன் திருவுளங்கொள்ளவில்லை. கச்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோனுடைய கனவில் தோன்றி, பூசலாரது கோயிலுட் புகவிருத்தலை அறிவித்து, அவ்வரசனையே அவரைத் தேடிவந்து தொழச் செய்தான். தனித்த அடியாரையும் பிறரொடு கூட்டுவித்தலே அவன் அருள்.

மற்றொரு சாரார், கூட்டங்களிற் பூசலும் பொறாமையும் நிகழ்கின்றனவே என்பர். அதுவும் உண்மையே. எங்கள் இருபதின்மருள்ளேயே, திருவிழாக் கணக்கைப் பற்றி ஒருமுறையும், பரிவட்டம் யார்க்கு முதலிற் கட்டுவது என்று ஒருமுறையும் மனவேறுபாடு வந்ததுண்டு. ஆனால் உராய்தல் இன்றி உமி கழலுமோ? நமக்கு இனியாரை மட்டும் தேர்ந்து கூட்டுவோமாயின் அது நட்பு ஆகலாம். அடியார் கூட்டம் ஆகாது. நாம் தேராதவரை நமக்கு அருகே இறைவன் அமர்த்துகின்றான். அதனைப் பொறுத்துக்கொள்வதில் தொடங்கி, அவரிடத்தே சிவத்தைக் காண்பதில் முடிவது நம் பயிற்சி.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா என்னும் கொள்ளைநோய் பரவிற்று. திருக்கோயிற் கதவுகள் அன்பர்க்கு அடைக்கப்பெற்றன; கூட்டங்கூடுதலும் தடுக்கப்பெற்றது. மூன்றாண்டுகட்கு முன்னராயின், கூட்டம் ஒழிந்தது என்று யான் மகிழ்ந்திருப்பேன். அப்பொழுதோ திங்கட்கிழமை மாலை வந்தால் வீட்டினுள் இருப்புக் கொள்ளவில்லை. கோயில் மூடிய இரண்டாம் கிழமை, விளக்கேற்றும் வேளையில் தெருக்கோடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. தேங்காய்க்கடைக்காரர் தம் வீட்டு வாயிற்படியில் நின்று பதிகம் தொடங்கியிருந்தார். நான்கு வீடு தள்ளிப் பூக்காரம்மையின் குரல் அதனை ஏற்றது. யானும் எழுந்து என் வாயிலில் நின்று பாடினேன். தெரு நெடுக ஒவ்வொரு வாயிலிலும் ஒவ்வொரு குரல். திருவெம்பாவையில் மகளிர் வாயில்தோறும் சென்று ஒருவரை ஒருவர் எழுப்பி உடன்கூட்டிக்கொள்வது நினைவுக்கு வந்தது. ஒலி ஒருவரை ஒருவர் வந்தடையச் சிறிது காலம் பிடித்தமையால் தாளம் ஒத்ததில்லை. பாட்டு முன்பின்னாய்க் குழம்பிற்று. அக்குழப்பத்தினும் இனியதோர் இசையை யான் கேட்டதில்லை.

கோயில் திறந்தபின் மீண்டும் கூடினோம், இன்றும் கூடுகின்றோம். தேங்காய்க்கடைக்காரர்க்கு ழகரம் பெரும்பாலும் வந்துவிட்டது; களைப்புற்றபோது மட்டும் பழையபடி ஒலிக்கும். எனக்கு மூன்று பண்கள் வந்துள்ளன. நான்காவதில் சுருதி நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் அதற்கு நகைக்கின்றனர். நகைக்க விடுகின்றேன்.

இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்களுள் என்னைப்போல் ஓய்வுற்ற புலவரும் ஆசிரியரும் சிலர் இருத்தல் கூடும். அவர்கட்கு ஒரு விண்ணப்பம். தனிவழிபாட்டைக் கைவிடற்க, அது வேர். ஆயின் கிழமைக்கு ஒருநாளேனும் உங்கள் ஊர்த் திருக்கோயிற் கூட்டத்திற் சென்று அமர்மின். முன்வரிசையில் இடம் வைத்திருப்பின் கடைவரிசைக்குச் செல்மின். உழவாரப்பணி நடக்குமாயின், புராண விரிவுரை செய்யுமுன் நெருஞ்சி பறிமின். பிழை கேட்டால், தனியிடத்தே, நாளை, அன்பொடு சொல்மின். இன்று உடன் பாடுமின்.

என் குறிப்பேடு இன்னும் என்னிடம் உளது. 1977இல் எழுதிய அப்பக்கத்தின் மை மங்கிவிட்டது. சென்ற ஆண்டு அதனை எடுத்து, தம்பிரான் சுவாமிகள் வினவிய வினாவின் கீழ், அன்று எழுதாது விட்ட விடையை எழுதிவைத்தேன்: உலக்கையும் நெல்லும் இரண்டுமே, சாமி.

திருச்சிற்றம்பலம்.